எத்தனை யூனிட் என்பதோடு, எத்தனை மணிக்கு என்றும் கேட்போம்

நம் வீட்டு மின் அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு எண் ஏறுகிறது. கணக்கெடுப்பவர் வருகிறார், மீட்டரைப் பார்க்கிறார், குறித்துவிட்டுப் போகிறார். 500 யூனிட்டைத் தாண்டியதா இல்லையா என்பதுதான் அன்று வீட்டில் பேச்சு. தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதால் அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த அறுபது நாட்களில் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதை அந்த எண் சொல்வதில்லை. புவி சூடாவதைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கரியிலிருந்து வரும் கரண்ட்

இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குப்படி, நம் நாட்டு கிரிட்டிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் சராசரியாக 0.72 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. அந்த ஒரு யூனிட்டை அனல் மின் நிலையத்தில் தயாரிக்கச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், எரிந்தபின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும்.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் எண்ணூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்தக் கழிமுகத்தில் சாம்பல் படிந்து படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மக்களின் வாழ்க்கை எப்படி மாறிப்போனது என்பதை அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நாம் சுவிட்சைத் தட்டும் இடம் ஒன்று, அதன் விலையைக் கொடுப்பவர்கள் இருக்கும் இடம் வேறு. கார்பனைக் குறைப்பது எங்கோ துருவத்தில் உருகும் பனிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் மேட்டூருக்கும் அது இன்றைய தேவை.

பகல் ஒரு மணியும் இரவு எட்டு மணியும்

தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சக்தியும் சேர்ந்து நிறுவுதிறனில் 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. காற்றாலையில் நாம் நாட்டுக்கே முன்னோடி. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இலேயே காற்றாலைப் பண்ணை வந்துவிட்டது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும்போது, ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்றிலிருந்தே கிடைத்த நாட்கள் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா, அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்று.

இவ்வளவு இருந்தும் ஏன் கரி எரிக்கிறோம்? நேரம்தான் காரணம். சூரியத் தகடுகள் உச்சி வெயிலில் கொட்டிக் கொடுக்கும், மாலை ஆறரைக்குக் கையை விரித்துவிடும். அதே ஆறரைக்குத்தான் ஊரே வீடு திரும்பி விளக்கு, டிவி, ஏ.சி., மோட்டார், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் போடுகிறது. ஆடிக் காற்று இருந்தால் இரவில் கொஞ்சம் தாங்கும். சித்திரை, வைகாசியில் காற்றும் இருக்காது, புழுக்கம் மட்டும் இருக்கும். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். அந்த மாதிரி வாரங்களில் பகல் தேவைக்குச் சூரியன் தோள்கொடுக்கும். இருட்டிய பிறகும் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், அப்போது பெரும்பாரம் அனல் நிலையங்கள் மேல்தான்.

மின்சாரத்தின் இயல்பே அப்படி. எடுக்கிற அளவும் உற்பத்தியாகிற அளவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். கிரிட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து விலகத் தொடங்கினால் கட்டுப்பாட்டு அறையில் பதற்றம். அதிகமாக விலகினால் இருட்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டுபோனது பலருக்கும் நினைவிருக்கும்.

"மதியம் மோட்டார் போட்டாலும் அந்த நேரத்தில் அனல் நிலையம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அப்புறம் என்ன லாபம்?" என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. அனல் நிலையத்தை மதியம் அணைத்துவிட்டு மாலையில் சட்டென்று பற்றவைக்க முடியாது. கொதிகலன் சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும். மாலையில் வேண்டும் என்பதற்காகவே மதியமும் அதைக் குறைந்த அளவில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள், அனல் நிலையங்கள் தங்கள் திறனில் 55 சதவீதம் வரை இறங்கி ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கின்றன. அடுத்த கட்டமாக 40 சதவீதம் வரை. அப்படித் தாழ்ந்து ஓடும்போது ஒரு யூனிட்டுக்கு எரியும் கரி கூடும். சூரியனுக்கும் காற்றுக்கும் கிரிட்டில் இடம் குறையும். காற்று நன்றாக வீசும் நேரத்தில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலங்களும் நம் மாநிலத்தில் உண்டு. மாலை உச்சத்தைத் தணித்தால், மாலைக்காகக் காத்துக்கிடக்கும் அனல் நிலையங்களின் எண்ணிக்கையே குறையும். மதியத்துக்கு மாறும் ஒவ்வொரு யூனிட்டும் அந்தத் திசையில் ஓர் அடி.

ஸ்மார்ட் தொழில்நுட்பம் என்று எதைச் சொன்னாலும் இந்த ஒரு கேள்வியை வைத்து நான் அதை எடைபோடுகிறேன்: கரி எரியும் நேரத்துத் தேவையை இது குறைக்கிறதா? வண்ணம் மாறும் பல்பும், பேசினால் திறக்கும் திரைச்சீலையும் அதற்கு உதவாது. உதவுகிறவை பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும்.

மேலே சுற்றும் மின்விசிறி

முதலில், எல்லா நேரத்துக்கும் பயன்படும் ஒன்று. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தரும். இதன் சூட்சுமம் எளிது. பழைய மோட்டாரில் சுழலும் பாகத்தைக் காந்தமாக்கவே மின்சாரம் செலவாகி, ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. புதியதில் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தமே இருக்கிறது, ஒரு சிறிய மின்னணுச் சுற்று எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தருவது என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறது. பழைய விசிறி நெடுநேரம் ஓடியபின் நிறுத்திவிட்டு அதன் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு நாம் காசு கொடுத்து வாங்கியது.

கணக்குப் போடுவோம். 45 வாட் மிச்சம், நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு ஏறக்குறைய 197 யூனிட். மூன்று விசிறி உள்ள வீட்டில் 590 யூனிட்டுக்கு மேல். கார்பன் டை ஆக்சைடாக 420 கிலோவைத் தாண்டும், கரியாக 400 கிலோ. விசிறியின் விலை 3,000 ரூபாய்க்கு முன்பின்னாக இருக்கிறது. இரவு முழுக்க ஓடும் பொருள் என்பதால், சூரியன் இல்லாத நேரத்தில்தான் மிச்சமும் அதிகம். 2023 ஜனவரியிலிருந்து மின்விசிறிக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால் கடையில் பார்த்து வாங்குவது எளிதாகிவிட்டது. புது வீட்டுக்கு விசிறி வாங்குகிறவர்கள் இதில் யோசிக்கவே வேண்டாம்.

எங்கள் குடியிருப்பின் மோட்டார்

நேரத்தை மாற்றுவது எப்படி என்பதற்கு எங்கள் குடியிருப்பிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. கோவையில் பல இடங்களைப் போல எங்களுக்கும் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் கீழே தரைத்தொட்டியில் பிடித்து, பிறகு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார். மாலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் ஐயா சுவிட்சைப் போடுவார், எட்டு மணிவாக்கில் தொட்டி நிரம்பி வழிந்து, சுவர் நனைந்து, யாராவது சத்தம்போட்ட பிறகு அணைப்பார். அவர் மேல் குற்றமில்லை. அந்த நேரத்தில்தான் பால்காரர், கூரியர், வண்டி எடுப்பவர் என்று எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

சங்கக் கூட்டத்தில் மோட்டாரைப் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் ஓட்டலாம், டைமரும் தண்ணீர் மட்டம் பார்க்கும் தானியங்கியும் போடலாம் என்று சொன்னேன். முதல் வீட்டுப் பெரியவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, மத்தியானமே ஏத்திப்போட்டா ராத்திரிக்குத் தண்ணி நிக்குங்களா? விருந்தாளி வந்துட்டா என்ன பண்றதுங்க?" நியாயமான பயம். அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். தொட்டி கால்வாசிக்குக் கீழே இறங்கினால் மட்டும் இரவு எந்நேரமானாலும் தானாக ஓடும். மற்றபடி பகல் ஓட்டம்தான்.

தானியங்கியை மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, தொட்டிக்குள் வெவ்வேறு ஆழத்தில் மூன்று சென்சார்களைத் தொங்கவிட்டார். அடியில் ஒன்று, கால்வாசியில் ஒன்று, விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஒன்று. தரைத்தொட்டியிலும் ஒன்று போட்டார், அங்கே தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிப்போகாமல் இருக்க. இவ்வளவுதான் அதன் புத்தி. செயலி கிடையாது, இணையம் கிடையாது. ஆனால் நாளுக்கு ஏறக்குறைய 7 யூனிட் மாலை உச்சத்திலிருந்து மதியத்துக்கு நகர்ந்துவிட்டது, தொட்டி வழிந்து வீணான தண்ணீரும் மின்சாரமும் நின்றுபோயின. கோவையில் மட்டும் எத்தனை அடுக்குமாடிகள் இருக்கின்றன, அத்தனையிலும் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தனி வீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். துணி துவைக்கும் இயந்திரத்தில் தாமதமாகத் தொடங்கும் பொத்தான் இருக்கிறது, காலையில் துணியைப் போட்டுவிட்டுப் போனால் பதினொரு மணிக்கு மேல் தானே ஓடும். மாவாட்டுவதையும் இஸ்திரி போடுவதையும் விடுமுறை நாளின் பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் வீடு வந்ததும் சார்ஜரைச் சொருகாமல், அலுவலகத்தில் வசதி இருந்தால் பகலிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

தோப்பில் பெரியப்பாவின் செல்போன்

உடுமலைப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்குத் தென்னந்தோப்பு. சுற்றிலும் காற்றாலைகள். அந்தக் காற்றாலை அடியிலேயே இருந்துகொண்டு, மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் டார்ச் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போன தலைமுறை அவருடையது. பாம்பு, பூச்சி, மழையில் நனைந்த சுவிட்ச் பெட்டி என்று எல்லா ஆபத்தும் உண்டு. இன்று அவர் மோட்டாரில் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார். உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டுத் திண்ணையிலிருந்தே ஓட்டலாம், நிறுத்தலாம். மும்முனை வந்துவிட்டது, ஒரு முனை போய்விட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அதுவே கூப்பிட்டுச் சொல்லும்.

"பகல்லயே கரண்டு குடுத்தா நா ஏங் கண்ணு ராத்திரி முழிச்சிருக்கேன்?" என்று அவர் கேட்டது எனக்கு மறக்கவில்லை. கிராமப்புறத் துணை மின் நிலையங்களுக்கு அருகிலேயே சூரிய மின் நிலையம் அமைத்து, விவசாயத்துக்கான பாதையைத் தனியே பிரித்துப் பகலில் மின்சாரம் தரும் திட்டம் இதற்குத்தான். 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் ஒரு பகுதி அது. தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றின் பெரும்பங்கு வெயில் நேரத்துக்கு வந்தால், விவசாயிக்கு உறக்கம், கிரிட்டுக்கு நிம்மதி.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மின்சாரம் இலவசம், சூரியனும் இலவசம், பொத்தானும் கைக்குள்ளே என்றால் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விடும். கொங்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. சொட்டுநீர்ப் பாசனமும் நீர்மட்டக் கட்டுப்பாடும் கூடவே வராவிட்டால் கார்பனை மிச்சப்படுத்தித் தண்ணீரைத் தொலைத்தவர்களாவோம்.

மலையில் இருக்கும் பேட்டரி

பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தர முடியாதா? முடியும், நம் ஊரில் பல ஆண்டுகளாகச் செய்கிறோம். ஆழியாறுக்கு மேலே, காடம்பாறையில் மலையைக் குடைந்து அமைத்த நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. 1987-இலிருந்து 1989-க்குள் படிப்படியாக இயங்கத் தொடங்கியது, திறன் 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ்நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றுவது, தேவைப்படும் மாலையில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பது. ஏற்றச் செலவான மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு அளவுக்குத் திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொரு திட்டம் இருக்கிறது.

வால்பாறைக்குப் போகும் வழியில் ஆழியாறு அணையில் நின்று படம் எடுத்துக்கொள்கிற நம்மில் எத்தனை பேருக்கு, அந்த மலைக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியும்? பள்ளிப் பாடத்தில் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரிகள் வருகின்றன, வரட்டும். மலையும் அணையும் உள்ள மாநிலம், தன் கையில் இருப்பதை முதலில் முழுதாகப் பயன்படுத்த வேண்டும். காட்டையும் காட்டுயிர்களையும் கெடுக்காமல் செய்ய வேண்டும் என்பதும் அதன் ஒரு பாதி.

ஸ்மார்ட் மீட்டர் தானாக எதையும் குறைக்காது

இப்போது ஸ்மார்ட் மீட்டர் வருகிறது. அரை மணிக்கோ கால் மணிக்கோ ஒருமுறை பயன்பாட்டைப் பதிந்து அனுப்பும் மீட்டர். பில் எகிறிவிடும், மீட்டர் கணக்கெடுப்பவர்களின் வேலை போய்விடும், நாம் எப்போது வீட்டில் இல்லை என்பது வெளியே தெரிந்துவிடும் என்று மக்களிடம் பல பயங்கள். எந்தப் பயத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பழைய மீட்டரையும் சில காலம் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுக் காட்டலாம். ஊழியர்களுக்கு வேறு பணி தந்தாக வேண்டும். நம் வீட்டுத் தகவல் நமக்குச் சொந்தம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, அந்த மீட்டரால் நமக்கு என்ன பயன் என்றும் கேட்போம். அரை மணிக் கணக்கு அலுவலகக் கணினியில் மட்டும் தங்கிவிட்டால் ஒரு கிராம் கார்பன்கூடக் குறையாது. அது வீட்டுக்காரர் கைக்கு வர வேண்டும், தமிழில், ஒரு பார்வையில் புரியும்படி. கூடவே விலையும் நேரத்துக்கு ஏற்ப மாற வேண்டும். மத்திய அரசு 2023-இல் திருத்திய மின் நுகர்வோர் விதிகள் இதைத்தான் சொல்கின்றன: சூரிய நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிட 20 சதவீதமாவது குறைவு, உச்ச நேரத்தில் வீடுகள் போன்ற இணைப்புகளுக்கு 10 சதவீதமாவது அதிகம்.

தொழிற்சாலைகளுக்கு உச்ச நேரக் கட்டணம் நம் மாநிலத்தில் பழகிப்போன ஒன்று. கோவைச் சிறுதொழில் முனைவோரிடம் கேட்டால் அதன் சுமையைக் கதை கதையாகச் சொல்வார்கள். ஒற்றை லேத் வைத்துப் பிழைப்பவர் ஆர்டர் வந்த நேரத்தில் ஓட்டித்தான் ஆக வேண்டும், அவரால் நேரத்தை நகர்த்த முடியாது. வீட்டிலும் அப்படித்தான். கைக்குழந்தை உள்ள வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஏ.சி.யை அணைக்கச் சொல்ல முடியுமா? அதனால் என் கருத்து இது: தண்டனையைவிடச் சலுகை முதலில் வரட்டும். பகல் விலையைக் குறையுங்கள். நகர்த்த முடிந்தவர்கள் தாமாகவே நகர்த்துவார்கள். குறைவாகச் செலவிடும் ஏழை வீடுகளின் இலவச 100 யூனிட்டில் கை வைக்காதீர்கள்.

இந்தக் கோடைக்கு முன்னால்

ஏ.சி. உள்ளவர்கள் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் அளவுக்கு மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் இரவில் அதை வீட்டுக்குள் விடுவதால்தான் பத்து மணிக்கும் அறை கொதிக்கிறது. சொந்த மாடி உள்ளவர்கள் சூரியத் தகடு போடுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம் போதும், நாளுக்கு நான்கு யூனிட் சராசரியாகக் கிடைக்கும். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. தகடு போட்டபின் மாலையில் செய்த வேலைகளைப் பகலுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

அடுத்த முறை மின் கட்டணம் குறித்து ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும்போது போங்கள். வழக்கமாக அங்கே கட்டணத்தை ஏற்றாதே என்ற குரல் மட்டும் ஒலிக்கும். அதோடு இன்னும் இரண்டையும் கேட்போம். எங்கள் மீட்டரின் அரை மணிக் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள். வெயில் நேரத்து மின்சாரத்தை வீடுகளுக்கும் விலை குறைத்துத் தாருங்கள். இந்த இரண்டும் கிடைத்தால், தொழில்நுட்பம் எதுவும் புரியாத வீட்டிலும் மோட்டாரும் சலவையும் தானாகவே பகலுக்கு நகரும். சிக்கனத்துக்குப் பேர்போன ஊர் நம்முடையது. எந்த நேரத்தில் சிக்கனம் என்று தெரிந்தால் நம் மக்கள் செய்து காட்டுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.